ஜாம்பியாவுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கப் போக நினைக்கும் தங்கைக்கு

லண்டனிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். வயது பதினெட்டு. ஏ லெவல் முடிந்துவிட்டது, பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறாள். அந்த ஒரு வருடத்தில் சபை மூலமாக ஜாம்பியா போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஆசை. அம்மாவுக்குப் பயம். கூடப் படித்த தோழி ஒருத்தி, "இது அந்தப் பிள்ளைகளுக்கு உபகாரமா, இல்லை உனக்கா?" என்று கேட்டதிலிருந்து இவளுக்கும் மனசு குழம்பிக் கிடக்கிறது. போகலாமா, போனால் எப்படிப் போவது என்று கேட்கிறாள்.

அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

போகலாம். ஆனால் முதல் இரண்டு மாதம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் நீ வாசிக்கப் பழக வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் தாராளமாகப் போ. "எனக்கு இங்கிலீஷ் தெரியும், அதைச் சொல்லிக் கொடுக்கிறேன்" என்பதுதான் எண்ணம் என்றால், அந்த வருடத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்.

நான் பாளையங்கோட்டையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். என் வீட்டுக்காரருக்கு ஜாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது கூடப் போனேன். ஐந்து வருடம் பக்கத்திலிருந்த சமுதாயப் பள்ளியில் வாசிப்பு வகுப்புக்கு ஒத்தாசையாக இருந்தேன். உன் வயதில் வந்த பிள்ளைகள் பலரோடு வேலை செய்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

போன புதிதில், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் முன்னால் உட்கார்ந்து பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடங்கலே இல்லாமல் வாசித்தான். விரல்கூட வரியோடு ஓடியது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். அவன் பக்கத்தின் முதல் வரிக்குப் போய் மறுபடி ஆரம்பித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நிறுத்தினான். "மாட்ஸி" என்றான். தண்ணீர் என்று அர்த்தம். சரி என்று அதே சொல்லைச் சிலேட்டில் தனியாக எழுதிக் காட்டினேன். வாய் திறக்கவில்லை. நாள் முழுக்க அவன் வாயில் வருகிற சொல்தான் அது. எழுத்தில் பார்த்தால் அவனுக்கு அது வெறும் கோடு.

கிளிப்பிள்ளைப் பாடம் என்று நம் ஊரில் சொல்வதுதான். அவன் புத்திசாலி, பக்கத்தையே காதால் மனப்பாடம் செய்திருந்தான். எண்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் டீச்சர் வரியைச் சொல்ல எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். தனித்தனியாக ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைக் கேட்க அந்த டீச்சருக்கு நேரம் ஏது? ஜாம்பியாவில் 2002-இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தார்கள், 2022-இல் மேல்நிலை வரைக்கும் இலவசமாக்கினார்கள். பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள், அது எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் அறைகளும் ஆசிரியர்களும் அதே வேகத்தில் பெருகவில்லை. பள்ளிக்குப் போயும் வாசிக்கத் தெரியாமல் இருப்பது அங்கே மட்டும் உள்ள குறை இல்லை. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பத்து வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேரால் ஒரு எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி 2022-இல் கணக்குச் சொன்னது. கொரோனாவுக்கு முன் 2019-இல் அதே வங்கி சொன்னது 53 சதவீதம்.

அந்தப் பையனுக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். அட்டைப்பெட்டியைக் கிழித்து மூன்று துண்டு எடுத்தோம். ஒன்றில் "மா", ஒன்றில் "ட்ஸி", ஒன்றில் "னா". முதல் இரண்டைச் சேர்த்தால் மாட்ஸி, தண்ணீர். "ட்ஸி"யையும் "னா"வையும் சேர்த்தால் ட்ஸினா, பெயர் என்று அர்த்தம். இரண்டாவது சொல்லை நான் சொல்லித் தரவில்லை. அட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். "ட்ஸி" என்றான், "னா" என்றான், மெதுவாக இரண்டையும் ஒட்டினான். ஒட்டியதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். தன் வாயிலிருந்து வந்தது தனக்குத் தெரிந்த சொல் என்று அப்போதுதான் அவனுக்குத் தட்டுப்பட்டது.

அந்தச் சொல் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பதைக் கவனி. எழுத்தைக் கூட்டி ஒலியாக்கியதும் காது அதை அடையாளம் கண்டுகொண்டது. தெரியாத மொழியில் இது நடக்கவே நடக்காது. எழுத்தைச் சரியாகக் கூட்டினாலும் வருவது அர்த்தமில்லாத சத்தம், சரியா தப்பா என்று பிள்ளைக்கே தெரியாது.

கிழக்கு மாகாணத்தில் பள்ளி மொழி சின்யாஞ்சா. எல்லைக்கு அந்தப்பக்கம் மலாவியில் அதையே சிச்சேவா என்கிறார்கள். எழுத்து ரோமன் எழுத்துதான், ஆனால் நம் உயிர்மெய் வரிசை போல ஒழுங்கானது: மா மே மி மோ மு, லா லே லி லோ லு. உயிர் ஐந்துதான், ஒவ்வொன்றுக்கும் எப்போதும் ஒரே ஒலி. இங்கிலீஷில் "கேட்" (cat), "கேக்" (cake), "கார்" (car), "பால்" (ball) நான்கிலும் ஒரே "ஏ" (a) எழுத்து நான்கு விதமாக ஒலிக்கிறதே, அந்தத் தொல்லை இதில் கிடையாது. அதனால் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் சில மாதங்களில் பிள்ளை தன் மொழியில் வாசித்துவிடும். அதன் மேல் இங்கிலீஷை ஏற்றுவது பிற்பாடு நடக்கிற வேலை. ஜாம்பியாவின் 2013 பாடத்திட்டமும் முதல் நான்கு வகுப்புகளுக்கு உள்ளூர் மொழியில்தான் பாடம் என்று வைத்தது. பள்ளிகளுக்கென்று ஏழு மொழிகள் உண்டு: பெம்பா, நியாஞ்சா (நான் சொன்ன சின்யாஞ்சாதான்), டோங்கா, லோசி, கவோண்டே, லுண்டா, லுவாலே.

இங்கேதான் வெளியிலிருந்து வருகிறவர்கள் தெரியாமல் கெடுத்துவிடுகிறார்கள். ஒரு வருடம் நல்ல மனசுள்ள பெண் ஒருத்தி வந்தாள். அழகான இங்கிலீஷ் எழுத்துப் படம் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினாள். பனிக்கட்டி வீட்டுப் படத்தைக் காட்டி "ஐ ஃபார் இக்லூ" என்று பாட்டாகச் சொல்லித் தந்தாள். பனியையே பார்த்திராத பிள்ளைகள். அதைவிடப் பெரிய சங்கடம், அவர்கள் "இ" என்று படித்து வைத்திருந்த எழுத்துக்கு (i) இப்போது "ஐ" என்று இன்னொரு பெயர். இங்கிலீஷில் "ஏ" (a), "ஈ" (e) என்று சொல்கிற எழுத்துகளும் அதே மாதிரி கலங்கிப்போயின. அவள் ஊருக்குப் போன பிறகு அந்த டீச்சர் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகத் திருத்தினார். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புறப்படும் முன் அவளுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

தரங்கம்பாடிக் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1706 ஜூலையில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் கப்பலை விட்டு இறங்கியபோது இருபத்து நான்கைத் தொடும் வயது. வயதான ஒரு வாத்தியாரைத் தங்கள் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, அங்கே வந்த சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அச்சுக்கூடம், பள்ளிகள், தமிழில் புதிய ஏற்பாடு எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. உன்னை முதல் இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார் என்று சொன்னேனே, அதை அவர் முந்நூறு வருடத்துக்கு முன்னால் நம் கடற்கரையில் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொருவரையும் தெரிந்துகொள், உனக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். வேல்ஸில் லான்டௌரோர் என்ற சிற்றூரின் போதகர் கிரிஃபித் ஜோன்ஸ். ஏழைகளுக்கு இங்கிலீஷில் நடந்த தர்மப் பள்ளிகள் வேல்ஸ் மொழி பேசும் கிராமங்களில் எடுபடவில்லை. இவர் 1731 முதல் வேல்ஸ் மொழியிலேயே வாசிக்கக் கற்றுத் தந்தார். விவசாய வேலை குறைந்த குளிர்காலத்தில் ஓர் ஊரில் மூன்று மாதம் பள்ளி நடக்கும், முடிந்ததும் வாத்தியார் அடுத்த ஊருக்குப் போவார். பிள்ளைகளோடு பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் 1761-இல் இறப்பதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இப்படி நடந்திருந்தன. குறுகிய காலத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன். முடியும். ஆனால் மொழி அந்தப் பிள்ளையின் மொழியாக இருக்க வேண்டும், கற்றுக்கொடுப்பவரும் அந்த மொழிக்காரராக இருக்க வேண்டும்.

"அப்படியென்றால் எனக்கு அங்கே என்ன வேலை?" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. நான் பார்த்த வரையில் உன்னைப் போன்ற பிள்ளை செய்யக்கூடிய மிக உபயோகமான வேலை, காது கொடுப்பது. நம் நாட்டில் பிரதம் என்ற அமைப்பு ஒரு முறையை உருவாக்கியது. வகுப்பையும் வயதையும் பார்க்காமல், எழுத்து மட்டும் தெரிந்தவர்கள், சொல் வாசிப்பவர்கள், பத்தி வாசிப்பவர்கள், கதை வாசிப்பவர்கள் என்று பிள்ளைகளைப் பிரித்து, தினமும் ஒரு மணி நேரம் அந்தந்த நிலைக்கு ஏற்ற மாதிரி சொல்லிக் கொடுப்பது. ஜாம்பியா அரசு 2016-இல் இதைத் தன் பள்ளிகளில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சோதித்துப் பார்த்து, பிறகு கிழக்கு, தெற்கு மாகாணங்களில் பரப்பியது. கேட்ச் அப் என்று பெயர். நம் ஊர்ச் சரக்கு அங்கே சின்யாஞ்சாவில் ஓடுவதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

அந்த ஒரு மணி நேரத்தில் டீச்சர் எட்டுப் பிள்ளைகளை உன்னிடம் ஒப்படைப்பார். மாமரத்தடியில் பாயை விரித்து, அவர் சொன்ன பாடத்தை அவர் சொன்ன விதத்திலேயே நடத்து. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எந்த எழுத்தில் தடுக்கிறது என்று நோட்டில் குறித்து டீச்சரிடம் கொடு. எண்பது பேரை வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடியாதது இது ஒன்றுதான், உன்னால் முடிந்ததும் இதுதான். மத்தியானம் அட்டை வெட்டலாம். வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்து வாசிக்க ஒன்றும் இருக்காது என்பது அங்கே பெரிய பஞ்சம். ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் ஆப்பிரிக்க மொழிகளில் இலவசக் கதைகள் கிடைக்கின்றன, டீச்சரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்து அச்செடுத்துத் தைத்துக் கொடு. அட்டையில் எழுதுவதை மட்டும் டீச்சர் கையாலேயே எழுத வை. நீ போன பிறகும் அது அவருடைய அட்டையாக இருக்கும்.

இனி, எந்த அமைப்பு மூலமாகப் போவது என்று. பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன், அமைப்புகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. அவர்களிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். அங்கே என் டீச்சர் யார், அவரோடு புறப்படும் முன் பேசலாமா என்று கேள். ஒரு பெயரும் சொல்லத் தெரியவில்லை என்றால் அந்தப் பள்ளிக்கு உன்னைத் தேவையில்லை என்று எடுத்துக்கொள். மொழிப் பயிற்சி எத்தனை வாரம், போன வருடம் வந்தவர் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்வேனா, பிள்ளைகள் பாதுகாப்புக்கு என்ன விதிகள் என்று கேள். உன்னிடம் டிபிஎஸ் சான்றிதழ் (குற்றப் பின்னணி இல்லை என்று பார்க்கும் இங்கிலாந்துச் சான்றிதழ்) கேட்காத அமைப்பு நாளை இன்னொருவரிடமும் கேட்காது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகாதே. சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் வேலை செய்யலாம் என்று சொன்னாலும் போகாதே.

பணத்தையும் வெட்கப்படாமல் கேள். சபையார் காணிக்கையாகத் தருகிற பணம் அது. நீ கட்டுவதில் அந்தப் பள்ளிக்கு எவ்வளவு போகிறது? சமுதாயப் பள்ளிகளைப் பெற்றோரே கூடி நடத்துகிறார்கள், பல ஆசிரியர்களுக்கு ஒழுங்கான சம்பளமே கிடையாது. உன் விமானச் சீட்டுக்குத் திரட்டும்போதே, உன் டீச்சருக்கு மூன்று வருடத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை என்று பள்ளிக் குழு வழியாகக் கொடுக்க உன் சபை ஒத்துக்கொள்ளுமா என்று போதகரிடம் பேசிப் பார்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அநாதை இல்லத்தில் வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டம் என்றால், எவ்வளவு பக்தியான பெயர் வைத்திருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடு. உலகம் முழுக்க அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் பணத்தோடு வருகிறார்கள் என்பதற்காகவே வீட்டில் இருக்க வேண்டிய குழந்தைகளை இல்லத்தில் சேர்க்கும் கொடுமை பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஐ.நா. பொதுச்சபையே 2019 டிசம்பரில் போட்ட தீர்மானத்தில் இந்தத் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் கேட்டைப் பற்றிப் பேசியது. வீட்டில் தூங்கி எழுந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகளிடம் போ.

ஊழியம் என்ற எண்ணத்தோடு போகிறாய், அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 மக்கள்தொகைக் கணக்குப்படி ஜாம்பியாவில் 95 சதவீதத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1996 முதல் அரசியல் சாசனமே அதைக் கிறிஸ்தவ தேசம் என்கிறது. ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம் போகும், பாடல் தொடங்கினால் பிள்ளைகள் தாங்களாகவே நான்கு குரலில் பிரிந்து பாடுவார்கள். நீ அங்கே சுவிசேஷம் கொண்டுபோகிறவளாகப் போகவில்லை. அவர்கள் சபையில் ஓர் அங்கமாகக் கொஞ்ச காலம் இருக்கப் போகிறாய். அவர்கள் ஜெபிக்கச் சொன்னால் ஜெபி, சாட்சி சொல்லச் சொன்னால் சொல். வாசிப்பு வகுப்பை மட்டும் எதற்கும் கொக்கியாக்காதே. சபைக்கு வராத வீட்டுப் பிள்ளைக்கும் அதே பாய், அதே அட்டை. எங்கள் பள்ளியில் ஒரு சிறுமி வாசிக்கப் பழகியதும், அவள் பாட்டி தினமும் சாயங்காலம் "புக்கு லோபட்டூலிகா"வை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அதுதான் சின்யாஞ்சா வேதாகமம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சங்கீதம் ஒன்றைப் பேத்தி ஒவ்வொரு அசையாகக் கூட்டி வாசிக்க, பாட்டி கண்ணை மூடிக் கேட்பார். யாரும் அந்தச் சிறுமிக்கு அதைச் செய்யச் சொல்லவில்லை.

உன் தோழி கேட்டதற்கு நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அந்த வருடத்தில் அதிகம் பெற்றுக்கொள்வது நீதான். அதற்காகப் போகக் கூடாது என்று இல்லை. பிள்ளைகளுக்குக் கெடுதல் வராமல், டீச்சருக்குப் பாரமாக இல்லாமல், எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு காதாக இருந்துவிட்டு வந்தால் அது நேர்மையான வருடம்.

செப்டம்பரில் புறப்படாதே. லண்டனில் பள்ளி வருடம் செப்டம்பரில் தொடங்கினாலும் ஜாம்பியாவில் ஜனவரியில்தான் தொடங்குகிறது. செப்டம்பரில் போனால் கடைசிப் பருவத்தில் போய் விழுவாய், இரண்டு மாதம் பழகி முடிப்பதற்குள் வகுப்பே மாறிவிடும். ஜனவரியில் போய் ஆகஸ்டில் திரும்பினால் இரண்டு முழுப் பருவம் ஒரே பிள்ளைகளோடு இருக்கலாம், பல்கலைக்கழகத்துக்கும் நேரத்துக்கு வந்துவிடலாம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வேலை பார்த்துப் பணம் சேர். வாரத்தில் ஒரு நாள் உன் வீட்டுப் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கும் தன்னார்வலராகச் சேர்ந்துகொள். இங்கிலாந்தில் ஒலியைக் கூட்டி வாசிக்கும் முறையை ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள், அந்த டீச்சர்களைக் கவனி. பிள்ளை ஒரு சொல்லில் திணறும்போது அதை நாமே சொல்லிவிடாமல் பொறுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேயே தெரிந்துவிடும். பழகிக்கொள்ள நாள் பிடிக்கும்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். மலேரியா நிஜமான ஆபத்துதான். இரண்டு மாதம் முன்னாலேயே பயண மருத்துவரைப் பார்த்து மாத்திரை, தடுப்பூசி எல்லாம் கேட்டுக்கொள், அங்கே போனபின் ஒரு ராத்திரிகூட வலை இல்லாமல் படுக்காதே, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ராத்திரியில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டவே வேண்டாம், நோயைவிட எனக்கு அந்தச் சாலைதான் பயம். தனி வீட்டில் தங்காமல் ஒரு குடும்பத்தோடு தங்கு. இடுப்பில் சுற்ற ஒரு சிட்டெங்கே துணி வாங்கிக்கொள், பெரியவர்களைப் பார்த்தால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கைதட்டி வணக்கம் சொல்லப் பழகு. சாப்பாடு சீமா, மக்காச்சோள மாவில் கிண்டுகிற நம்ம ஊர்க் களிதான். தொட்டுக்கொள்ளக் கீரையும், கப்பெண்டா என்று நெத்திலிக் கருவாடு மாதிரி ஒரு சின்ன மீனும் வைப்பார்கள்.

நீ தங்கப் போகும் வீட்டு அம்மாவை, புறப்படும் முன் ஒரு தடவை உன் அம்மாவோடு வீடியோவில் பேச வை. என் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து அப்படித்தான் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசினார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். களி எப்படிக் கிண்டுவது, கட்டி தட்டாமல் இருக்க என்ன செய்வது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். பேசி முடித்ததும் அம்மா என்னிடம் கேட்டது, எனக்கு அந்த ஊரில் வேறு என்ன வேண்டும் என்றுதான், எப்போது திரும்பி வருவாய் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.